தன் முதுகைப் பார்த்தவள்

"கொலையை நான்தாம்மா பண்ணினேன். அதைக் கொஞ்சம் திருத்தமா எழுதிக் கொடுக்கணும்."

வந்து உட்கார்ந்த பெண் இப்படிச் சொன்னதும், டீ கிளாஸை நீட்டிய உதவியாளன் ரேடியோவின் கை பாதி வழியில் நின்றது. இந்த அறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் 'நான் பண்ணவே இல்லை' என்றுதான் ஆரம்பிப்பார்கள், மாறுதலுக்கு ஒருத்தராவது வந்தாரே என்று அவன் ரைட்டரம்மாவின் காதருகே முணுமுணுத்தான். ரைட்டரம்மா சிரிக்கவில்லை. அவள் அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். அவிழ்த்துவிட்டால் யாரையாவது கடித்துவிடுமோ என்று பயந்து கட்டிப்போட்ட மாதிரி.

ரைட்டரம்மா பதினெட்டு வருடம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவள். வருகிறவர்கள் அழுதும் திட்டியும் சொல்வதை வாக்குமூலமாக எழுதுவது வேலை. ஒருமுறை சாட்சி ஒருத்தர் 'அவன் வேகமாப் போனான்' என்று சொன்னதை அவள் 'தப்பி ஓடினான்' என்று எழுதினாள். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு மனிதன் இரண்டு வருடம் உள்ளே இருந்தான். தப்பு தெரிந்த அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு, செருப்புக் கடை மாடியில் இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்தாள். ரேடியோ அப்போது கீழே டிரான்சிஸ்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். ரிப்பேருக்கு வந்த எந்தப் பெட்டியும் அவன் அளவுக்குப் பேசாது என்பதால் அந்தப் பெயர். நாற்பத்தைந்து வயதில் தொழில் மாறி மாடி ஏறினான். பேச்சு மட்டும் மாறவில்லை.

அந்தப் பெண் சொன்னது இதுதான். அவளும் அவள் கணவரும், கணவரின் அண்ணனும் அண்ணியுமாக நான்கு பேர் சேர்ந்து பல்செட் செய்யும் பட்டறை நடத்துகிறார்கள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்லும், பல்லின்மேல் மாட்டும் உலோகத் தொப்பியும் செய்து கொடுப்பது வேலை. தரைத்தளத்தில் பாலிஷ் மோட்டார்கள், முதல் மாடியில் பிளாஸ்டர் அறை, இரண்டாம் மாடியில் மெழுகு மேஜைகளும் உலோகம் உருக்கும் அடுப்பும். மேலே கீழே சாமான் கொண்டுபோக ஒரு சின்ன லிஃப்ட். நாற்பது நாளைக்கு முன்னால் ஒரு மத்தியானம் மூன்றரை மணிக்கு, இரண்டாம் மாடி லிஃப்ட் குழிக்குள் அவள் கணவர் விழுந்து செத்துப்போனார். குழிக்குப் பக்கத்தில் தலை உடைந்து மல்லாந்து கிடந்தாள் இவள். ஒன்பது நாள் நினைவில்லை. கண் விழித்தபோது, அன்று மத்தியானம் பன்னிரண்டுக்குப் பிறகு நடந்த எதுவும் மண்டையில் இல்லை. துடைத்துவிட்ட பலகை மாதிரி.

"அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வந்துருச்சும்மா. இப்ப எல்லாம் தெரியுது. நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேஷன்ல வந்து சொல்லச் சொல்லியிருக்காங்க. போய் நின்னா எனக்கு நாக்கு குழறிடும்."

சொல்லச் சொன்னாள் ரைட்டரம்மா. பேனாவைத் திறந்தாள்.

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். குரல் தாழ்ந்து, எங்கோ எழுதி வைத்ததைப் படிக்கிற மாதிரி ஒரே சீராக வந்தது.

"லிஃப்ட் கேட்டுப் பக்கத்துல நாங்க ரெண்டு பேரும் நிக்கறோம். சண்டை. அவர் சமாதானமா என் முதுகுல கையை வைக்கிறாரு. என் நீலக் கோட்டுல, நடு முதுகுல, வெள்ளையா அஞ்சு விரலும் பதியுது. பிளாஸ்டர் மாவு. நான் திரும்பறேன். ரெண்டு கையாலயும் அவர் நெஞ்சுல தள்ளறேன். அவர் பொம்மை மாதிரி உள்ள போறாரு."

பேனா நின்றது.

"முதுகுல வெள்ளையா பதிஞ்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேனே."

"எங்க நின்னு பாத்தீங்க?"

அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். மெதுவாகத் தலையைத் திருப்பித் தன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே சுவர்தான் இருந்தது.

ரேடியோ டீ கிளாஸை அவள் முன்னால் வைத்தான்.

தனக்கு எதிரான சாட்சியாக அவளே ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் அவள் உடம்பிலிருந்து கழற்றிய துணி. பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை ஒட்டி, தேதி எழுதி முத்திரை போட்டுக் கொடுத்திருந்தார்கள். திறந்து பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. வேறு யாரும் திறக்கவும் இல்லை, முத்திரை அப்படியே இருந்தது. ரேடியோ ஸ்குரூ டிரைவரால் கிழித்து, உள்ளே இருந்த நீல வேலைக் கோட்டை மேஜைமேல் விரித்தான். முன்பக்கம் கத்தரியால் வெட்டப்பட்டிருந்தது. பின்பக்கம் முழுசாக இருந்தது. நடு முதுகில், வியர்வையில் இறுகிப்போன பிளாஸ்டர் மாவில், ஒரு கை. விரல்கள் மேல்நோக்கி, கட்டைவிரல் இடது பக்கமாக.

ரேடியோ தன் வலது கையைக் காற்றில் நீட்டி, இல்லாத முதுகு ஒன்றைத் தள்ளிப் பார்த்தான். "வலது கைம்மா. தட்டிக்கொடுத்த கை மாதிரி தெரியல. உள்ளங்கையோட அடிப்பக்கம் ஆழமா பதிஞ்சிருக்கு. அழுத்தின கை."

ரைட்டரம்மா பெண்ணிடம் வேறு ஏதோ கேட்டாள். அன்று காலை நடந்தது நினைவிருக்கிறதா என்று. இருக்கிறது என்றாள் அந்தப் பெண். அந்தப் பகுதி அவளுடையதுதான், யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எட்டு மணிக்குப் பட்டறைக்கு வந்தார்கள். பத்து மணி வாக்கில் அடுப்பு மூடியைத் திறக்கும்போது கணவருக்குக் கை சுட்டுவிட்டது. மருந்து தடவி, துணியைச் சுற்றி, விரல்கூடத் தெரியாமல் உருண்டையாகக் கட்டுப் போட்டுவிட்டாள். இனிமேல் பந்து விளையாடத்தான் லாயக்கு என்று அவர் சிரித்தார்.

"எந்தக் கை?"

"வலது..."

சொல்லி முடிக்காமல் கோட்டில் இருந்த வெள்ளை விரல்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக ஐந்தையும் பார்த்தாள்.

நிம்மதியாக மூச்சு விடுவாள் என்று எதிர்பார்த்த ரேடியோ தண்ணீரை எடுத்துக் கொடுத்தான். அவளுக்கு நிம்மதி வரவில்லை. பற்கள் தண்ணீர் கிளாஸின் விளிம்பில் டகடகவென்று அடித்தன. இதுவரை அவள் தன் கையைக் கண்டுதான் பயந்தாள். இப்போது தன் மண்டையைக் கண்டு பயந்தாள்.

"அப்ப எனக்குள்ள இருக்கிறது யாரோடதும்மா?"

நாற்பது நாளில் வெளியாட்கள் யாரிடமாவது பேசினீர்களா என்று கேட்டாள் ரைட்டரம்மா. தூர தேசத்தில் வேலை பார்க்கும் தங்கைக்கு மட்டும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். போனை வாங்கி, பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றில் ரேடியோ மாட்டினான். முதலில் பன்னிரண்டாம் நாள். பலவீனமான குரல். 'நாங்க சண்டை போட்டோமாம். அவர் என் முதுகுல கை வெச்சாராம். நான் தள்ளிட்டேனாம்டி. எனக்கு ஒண்ணுமே தெரியல.'

அடுத்தது இருபத்தாறாம் நாள். 'சண்டை போட்டோம். அதுவரைக்கும் நல்லா தெரியுது. அப்புறம் தள்ளினேனாம்.'

முப்பத்தெட்டாம் நாள். அறை முழுக்க அந்தச் சீரான குரல். 'நான் தள்ளினேன். அவர் பொம்மை மாதிரி உள்ள போனாரு.'

மூன்றையும் கேட்டு முடிக்க ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு மனுஷியின் வாயிலிருந்து ஒரு சின்ன 'ஆம்' கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து காணாமல் போவதை மூன்று பேரும் கேட்டார்கள்.

"பாத்தவங்க 'நடந்துச்சு'ன்னு சொல்லுவாங்க. கேட்டவங்க 'நடந்துச்சாம்'னு சொல்லுவாங்க. நம்ம பேச்சுல நிஜத்துக்கும் கதைக்கும் நடுவுல இருக்கிற கதவே அந்த 'ஆம்'தான். யாரோ தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஆணியைத் தளர்த்தி, அந்தக் கதவையே கழட்டிட்டாங்க" என்றாள் ரைட்டரம்மா.

"கதவைக் கழட்டினவங்க வீட்டுக்குள்ளதான் இருக்கணும்மா" என்றான் ரேடியோ. "வெளியில இருந்து ஆணி தளர்த்த முடியாது. நான் நிறைய கதவு பாத்திருக்கேன்."

யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு, அக்கா என்றாள் அந்தப் பெண். கணவரின் அண்ணன் மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தையல் போட்ட இடத்தில் சீப்பு படாமல் தலை வாரிவிடுகிறவள். பழசைச் சொல்லிக்கொண்டே இருந்தால் ஞாபகம் வரும் என்று டாக்டர் சொன்னாராம். அதனால் தினமும் காலையில் தலை வாரும்போது அன்றைய மத்தியானத்தைச் சொல்லுவாள். என் அக்காவை மட்டும் சந்தேகப்படாதீர்கள் என்று கும்பிட்டாள் அந்தப் பெண். சொல்லும்போதே தன் பின்னந்தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

முத்திரை போட்ட பைக்குள் இருக்கும் கை அச்சைப் பற்றி ஒருவருக்குத் தெரிய வேண்டுமென்றால், அன்று மூன்றரை மணிக்கு அவர் இவளுக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டும். அந்தக் கை அச்சை முதலில் சொன்ன வாய் யாருடையது? ரைட்டரம்மாவுக்கு அது ஒன்று தெரிந்தால் போதும்.

பட்டறை வாசலில் அவர்கள் ஸ்கூட்டரையும் ஆட்டோவையும் நிறுத்தியபோது மணி மூன்று. தரைத்தளத்தில் நான்கு பாலிஷ் மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காத சத்தம். அந்தச் சத்தம் சுவர் வழியாக, படி வழியாக, லிஃப்ட் குழி வழியாகக் கட்டடம் முழுக்க ஏறியது. இங்கே யாராவது அலறினால் யாருக்குக் கேட்கும் என்று ரைட்டரம்மா யோசித்தாள். யாருக்கும் கேட்டிருக்காது. கேட்கவில்லை.

ரேடியோவைப் பாலிஷ்காரர்களோடு பேச்சுக் கொடுக்கச் சொல்லிவிட்டு, ரைட்டரம்மா அந்த வீட்டுக்கு இளையவளான அந்தப் பெண்ணோடு மாடி ஏறினாள். முதல் மாடி பிளாஸ்டர் அறை திறந்து கிடந்தது. தரையெல்லாம் வெள்ளை. யாருமில்லை. இளையவள் ரைட்டரம்மாவின் முந்தானையைச் சின்னப் பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டாள்.

இரண்டாம் மாடியில் டியூப்லைட் வெளிச்சத்தில் மூத்தவள், அண்ணன் மனைவி, மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான, சின்ன உருவம். மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பத்தடி தள்ளி லிஃப்ட் கேட். மடக்குக் கம்பிக் கதவு. கொக்கி உடைந்து, ஒரு கயிற்றால் கட்டியிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் இருட்டு.

வாக்குமூலம் எழுதப்போகிறேன், அதனால் இடத்தைப் பார்க்க வந்தேன் என்று உள்ளதையே சொன்னாள் ரைட்டரம்மா. மூத்தவளும் மறைக்கவில்லை. சொன்னால்தான் அவள் மனசு ஆறும், தண்டனையும் குறையும் என்று கண் கலங்கினாள். அப்புறம் அந்த மத்தியானத்தைச் சொன்னாள். சண்டை, முதுகு, வெள்ளைக் கை, பொம்மை மாதிரி. காலையில் இளையவள் சொன்ன அதே சொற்கள், அதே வரிசை. கேட்கக் கேட்க இளையவளின் உதடுகள் தானாக அசைந்ததை ரைட்டரம்மா பார்த்தாள்.

"நீங்க அப்ப எங்க நின்னீங்க?"

"நான் எங்க நின்னேன்? அன்னைக்கு டாக்டர் கிளினிக்குக்கு டெலிவரி எடுத்துட்டுப் போயிருந்தேன். வந்தப்ப அஞ்சு மணி."

"அப்ப கை அச்சு?"

"அது இருந்துச்சாம்."

மெழுகுக் கத்தி அவள் கையில் அப்படியே நின்றது. தன் வாயிலிருந்து வந்த 'ஆம்' அவள் காதிலேயே விழுந்துவிட்டது. நாற்பது நாளில் முதல்முறையாக.

யார் சொன்னது என்று கேட்டாள் ரைட்டரம்மா. அவர்தான் என்றாள் மூத்தவள், குரல் சிறுத்துப்போய். அவர் என்றால் அவள் கணவர். ஐம்பதுகூட ஆகவில்லை என்றாலும் பட்டறையில் எல்லாருக்கும் அவர் பெரியவர். ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் இளையவளே உளறியதை அவர்தான் பக்கத்தில் இருந்து கேட்டாராம். என்ன சொல்ல வேண்டும், எவ்வளவு சொல்ல வேண்டும் என்று தினமும் அவர்தான் சொல்லி அனுப்புவாராம்.

"மயக்கத்துல உளறினாலும், தன் முதுகுல என்ன பதிஞ்சதுன்னு ஒருத்தி எப்படிம்மா சொல்லுவா?"

மூத்தவளின் பார்வை ரைட்டரம்மாவைத் தாண்டிப் போயிருந்தது.

படிக்கட்டுக் கதவை உள்ளே வந்து சாத்திக்கொண்டிருந்தார் பெரியவர். முழங்கைவரை பிளாஸ்டர் வெள்ளை. எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. அமைதியான முகம். நாற்காலி ஒன்றை இழுத்து, கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். இனி யாரும் அவரைத் தாண்டாமல் கீழே போக முடியாது. மோட்டார் சத்தத்துக்கு மேலாகக் கேட்க வேண்டும் என்பதால் எல்லாரையும் போல அவரும் உரக்கத்தான் பேசினார். ஆனால் அந்த உரத்த குரலிலும் ஒரு கனிவு இருந்தது.

இதுநாள்வரை மூடி மறைத்தேன், இனி முடியாது என்றார். அன்றைக்கு அவர் மனைவி மூன்று மணிக்கே திரும்பிவிட்டாள். அவளுக்கும் தம்பிக்கும்தான் வாக்குவாதம். நடுவில் வந்த இளையவளையும் சேர்த்துத் தள்ளிவிட்டாள். பயத்தில் திரும்ப ஓடி, தெருவில் சுற்றிவிட்டு அஞ்சு மணிக்கு வந்தாள். அவளுக்கே அது நினைவில்லை, அதிர்ச்சி அப்படி. குடும்பம் சிதறக்கூடாது என்றுதான் அவர் வேறு கதை கட்டினார்.

அழகாகச் சொன்னார். மனைவி படியேறி வந்தபோது செருப்பு வார் அறுந்திருந்ததைச் சொன்னார். டெலிவரிப் பெட்டியை அவள் எந்த மேஜையில் வைத்தாள் என்று சொன்னார். பதினெட்டு வருடம் பொய்யும் மெய்யும் கேட்டுப் பழகிய ரைட்டரம்மாவுக்கே, அந்தச் சின்னப் பெண்மணி பெட்டியை வைத்துவிட்டு கேட்டை நோக்கி நடப்பது கண்ணில் தெரிந்தது. அதுதான் அவளை நடுங்க வைத்தது. பொய் என்று தெரிந்தும் படம் ஓடியது.

அதைவிட மோசமாக, மூத்தவள் தன் செருப்பைக் குனிந்து பார்த்தாள். "வார் அறுந்துதான் இருந்துச்சு" என்றாள், யாரிடமோ. "அன்னைக்கு அறுந்துது. நான் மூணு மணிக்கு வந்தேனா? வந்தேனோ என்னவோ."

ரைட்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் இளையவள் முந்தானையை விட்டுவிட்டாள். ரைட்டரம்மாவின் பையிலிருந்து நீலக் கோட்டை உருவி மெழுகு மேஜைமேல் விரித்தாள். விரித்த வேகத்தில் மெழுகுப் பற்கள் இரண்டு கீழே உருண்டன.

"அக்கா, கையைக் குடுங்க."

மூத்தவளின் வலது கையைப் பிடித்து வெள்ளை அச்சின்மேல் வைத்தாள். ஒவ்வொரு விரலுக்கும் வெளியே ஒரு கணு அளவுக்கு வெள்ளை மிச்சம் இருந்தது. குழந்தையின் கையை அப்பாவின் கைமேல் வைத்த மாதிரி.

"நீங்க இல்லக்கா" என்றாள். பிறகு, தலையைத் திருப்பாமலே, "மாமா, நீங்க வந்து கையை வைங்க" என்றாள்.

பெரியவர் எழுந்தார். வலது கை அவருடைய வேலைக் கோட்டின் பைக்குள் போனது. மேஜையை நோக்கி வந்தார். இரண்டு பெண்களும் பின்வாங்கினார்கள். பின்னால் போக இடம் ஒன்றுதான். கயிற்றால் கட்டிய கேட் இளையவளின் முதுகில் இடித்துக் கிணுகிணுத்தது. ரைட்டரம்மா நடுவில் போய் நின்றாள். ஐம்பது வயது, மூட்டு வலி, கையில் ஒரு பேனா. வா என்று ரேடியோவைக் கூப்பிட்டாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

பெரியவரின் முகம் மாறியிருந்தது. கதை சொன்ன முகம் எங்கோ போய்விட்டது. கழுத்து நரம்பு புடைக்க, மோட்டார் இரைச்சலுக்கு மேலாக இளையவளைப் பார்த்துக் கத்தினார்.

அதே நொடியில் டியூப்லைட் அணைந்தது. நான்கு மோட்டார்களும் ஒரே சமயத்தில் முனகி நின்றன. கட்டடம் முழுவதும் செத்த அமைதி. அந்த அமைதிக்குள், பாதி இருட்டில், நிறுத்த முடியாமல் அவருடைய குரல் மட்டும் ஓங்கி வந்து, லிஃப்ட் குழி வழியாகக் கீழே தரைத்தளம்வரை உருண்டு போனது.

"நான் அவனைத்தான் தள்ளப் போனேன். உன்னை யாரு குறுக்க வந்து நிக்கச் சொன்னது?"

யாரும் அசையவில்லை. சொன்னவரும்தான். தன் சொந்தக் குரல் குழிக்குள்ளிருந்து திரும்பி வருவதைக் கேட்டபடி நின்றார்.

பிறகு படியில் காலடிச் சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு நான்கு பாலிஷ்காரர்கள் வந்தார்கள், முகமெல்லாம் பாலிஷ் பொடி. அவர்களுக்குப் பின்னால், மெயின் ஃபியூஸைக் கையில் பிடித்தபடி ரேடியோ. பெரியவர் சத்தமில்லாமல் மாடி ஏறுவதைப் பார்த்தானாம். மெயின் போர்டைத் தேடிப் பிடிக்கத்தான் இவ்வளவு நேரமாம். நான் ஒருத்தன் வந்து என்ன கிழிக்கப்போகிறேன், வேலையில் இருக்கிறவனை எழுப்ப ஒரே வழி கரண்டைப் பிடுங்குவதுதான், நாலு பேர் சண்டைக்கு வருவார்கள், வந்தவர்களைத் திருப்பிவிட்டால் போச்சு என்று விளக்கம் சொன்னான். சொல்லிக்கொண்டே மேஜையில் சாய்ந்துகொண்டான்.

ரைட்டரம்மா அப்போதுதான் அந்த வாக்கியத்தை முழுசாக உள்வாங்கினாள். குறுக்கே நின்றவள். அன்று மூன்றரை மணிக்கு அண்ணன் தம்பிக்குள்தான் சண்டை. பழைய உலோகத்தை உருக்கிக் கலந்து தொப்பி செய்கிறான் அண்ணன், அதைப் போட்டவர்களுக்கு ஈறு கறுத்துப்போகிறது, எல்லா டாக்டருக்கும் சொல்லிவிடப் போகிறேன் என்று தம்பி நின்றார். அன்று காலை மோட்டார் போடுவதற்கு முன்பே இருவரும் இதைப் பற்றிக் கத்திக்கொண்டதைப் பாலிஷ்காரர்கள் ரேடியோவிடம் சொல்லியிருந்தார்கள். கேட்டோரம் நின்ற கணவரை மறைத்துக்கொண்டு இவள் நடுவில் வந்தாள். பெரியவரின் கை இவள் முதுகில் பதிந்தது. அந்த வேகத்தில் இவள் முன்னால் போய் விழுந்து, இவளுடைய இரண்டு கைகளும் கணவரின் நெஞ்சில் இடித்தன. கேட்டின் கொக்கி உடைந்து அவர் உள்ளே போனார். இவள் தலை கேட்டின் இரும்பில் மோதியது. இரண்டு பேருமே போய்விட்டார்கள் என்று நினைத்தவர், இவள் கண் விழித்ததும் பயந்துபோனார். உண்மை அவளுக்கு ஞாபகம் வருவதற்குள், அந்தக் காலி இடத்தில் வேறொன்றை உட்கார வைத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டார். பெரிய பொய் எதுவும் தேவைப்படவில்லை. நடந்ததில் ஒரு முனையை மட்டும் வெட்டிவிட்டு, மிச்சத்தை அப்படியே சொன்னார்.

போலீஸ் வர அரைமணி நேரம் ஆனது. அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்தபடி, பெரியவர் பாலிஷ்காரர்களுக்கு இன்னும் இரண்டு கதை சொல்லியிருந்தார். அதில் ஒன்றைக் கேட்டு ஒரு பாலிஷ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டதாக ரேடியோ பிற்பாடு சொன்னான். இந்த ஆளுக்கு மட்டும் நான் மைக் கொடுக்க மாட்டேன் என்றான்.

மறுநாள் பத்து மணிக்கு ஸ்டேஷனில் இளையவளின் வாக்குமூலம் எழுதப்பட்டது. ரைட்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மொத்தம் மூன்று வரி. 'அன்று மதியம் பன்னிரண்டு மணிவரை நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை. மற்றதெல்லாம் பிறர் சொல்லக் கேட்டது.' கொஞ்சம் விரிவாக இருந்தால் வழக்குக்கு நல்லது, அவர் உன்னைத் தள்ளியது நினைவிருப்பதாகச் சொல்லலாமே என்று இன்ஸ்பெக்டர் எடுத்துக் கொடுத்தார். இளையவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். கையெழுத்து நேராக இருந்தது.

வெளியே வராந்தாவில் வந்து நின்றதும் அவள் ரைட்டரம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாம் புரியுதும்மா. ஆனா கண்ணை மூடினா இன்னும் நான்தான் தள்ளறேன். அது போயிடுமா?"

"தெரியலம்மா. போகாமலும் இருக்கலாம்."

"என் கை அவர்மேல பட்டது நிஜம்தானே?"

"பட்டது நிஜம். நீங்க தள்ளினது நிஜமில்ல."

அவள் அந்த இரண்டு சொற்களையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். பட்டது. தள்ளினது. ரேடியோ ஆட்டோ பிடிக்கப் போனான்.

வராந்தாவின் மறுகோடி பெஞ்சில் மூத்தவள் உட்கார்ந்திருந்தாள், தன் முறை வருவதற்காக. ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இளையவள் வருவதைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் பார்த்து, முடியாமல் திரும்ப உட்கார்ந்தாள். நாற்பது நாள் பழக்கத்தில், "தலை வலிக்குதா, காலையில நீ..." என்று ஆரம்பித்தாள். உடனே வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். இனி இவளிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்ற பயம் அவள் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது.

இளையவள் பெஞ்சில், ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"நான் சொல்றேன், நீங்க கேளுங்க. தப்பா இருந்தா நிறுத்துங்க" என்றாள். எதிரே தெருவைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். "இன்னைக்குக் காலையில ஆறு மணிக்கு எந்திரிச்சேன்."

மூத்தவள் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"ம்" என்றாள்.

"ஜன்னலைத் திறந்தேன். ராத்திரி மழை பெஞ்சிருக்கும்போல. தரை ஈரமா இருந்துச்சு."

"ம்."